அரைப் பேர்

பதுளைக் கச்சேரிக்கு எதிரே, மதிலோரம் என் மேசை.
ஒரு கால் குட்டை. கீழே மடித்து வைத்த லொத்தர் சீட்டு.
மனு, பக்கம் ஒரு ரூபாய்.
சிங்களத்தில் வேண்டுமென்றால் ஒன்றரை.

மாதத்தின் முதல் செவ்வாய் சன்னாசி வருவான்.
கக்கத்தில் பிஸ்கட் டின். அதற்குள் மெழுகுத்துணி.
அதற்குள் பட்டாளத்துப் புத்தகம்,
ராஜா தலை போட்ட பதக்கம் ஒன்று.
அதன் நாடா, எலி தின்றது போக மீதி.

பயனியர் படை. திருகோணமலை.
விமானம் இறங்கக் கல் உடைத்துத் தரை போட்டவன்.
நாற்பத்திரண்டு சித்திரையில்
ஜப்பான்காரன் வந்த காலை
தேத்தண்ணி வாளி தூக்கி வந்துகொண்டிருந்தான்.
பிறகு வாளி கிடைத்தது.
இடது காது கிடைக்கவில்லை.
வலது காது, அரைவாசி.

இதுவரை பதினொரு மனு.
தோட்டத்துத் துரையிடம் கடிதம் வாங்கி வா என்றார்கள்.
துரை கொடுத்தார்:
'நாற்பத்தாறிலிருந்து செக்ரோலில் பேர் உண்டு.
அதற்கு முன் இவன் யாரென்று அறியேன்.'
நீ இந்த நாட்டுப் பிரஜையா என்றார்கள்.
பட்டாளத்தில் சேர்த்தபோது
நெஞ்சை அளந்தார்கள், பல்லை எண்ணினார்கள்,
அதை யாரும் கேட்கவில்லை.
கண்டியில் இந்தியக் கந்தோரில் சொன்னார்கள்:
நீ சண்டைக்குப் போனது எங்களுக்காக இல்லையே.
சீமைக்கும் எழுதினோம், நீல வான்கடிதத்தில்.
பதில் மிக மரியாதையாக வந்தது.
முத்திரையை என் மகள் கிழித்தெடுத்துக்கொண்டாள்.

அப்புறம் பேர்.
புத்தகத்தில் இருப்பவன் சின்னசாமி.
எழுதிய சார்ஜன்ட்டுக்கு இரண்டும் ஒரே சத்தம்.
கச்சேரிக் கிளாக்கர் இரண்டு பேரையும்
பென்சிலால் வட்டம் போட்டு
நடுவில் ஒரு கேள்விக்குறி நட்டு வைத்தார்.
அது இன்னும் அங்கேயே நிற்கிறது.

"பெரட்டில கூப்புடறது ஒரு தரந்தாங்க" என்றான் சன்னாசி.
"காதுல விழாட்டி வேலைக்குப் பிந்திட்டேன்னு
கணக்கப்புள்ள அரைப் பேர் போடுவாரு.
பட்டாளத்துலயும் பெரட்டுத்தான்.
அங்க எனக்கு என்னைக்கும் முழுப் பேரு."

யார் பேர் என்று நான் கேட்கவில்லை.

பன்னிரண்டாம் மனுவுக்கு விசாரணைக்கு அழைத்தார்கள்.
என்னை உள்ளே விடவில்லை.
ஐயாவுக்குக் கொஞ்சம் தமிழ் வரும் என்றான் பியோன்.
கதவிடுக்கில் நின்றேன்.
கெட்ட மனிதரில்லை. நாற்காலி காட்டினார்,
காற்றாடியை நிறுத்தச் சொன்னார், அதன் இரைச்சலுக்காக.
பிறகு மெதுவாக, அச்சுப் பிடித்தாற்போல் கேட்டார்:
"காது கேளாமைக்கு அத்தாட்சி என்ன?"

சன்னாசி யோசித்தான்.
"ஆறு பேருங்க" என்றான்.
"ரெண்டு பொம்பளப் புள்ளைங்க கொழுந்துக்குப் போகுது."

அவர் திரும்பவும் கேட்டார்.

"தகரந்தாங்க. மழைக்கு ஒழுகும்."

கோப்பில் எழுதியதை
இரண்டு மாதம் கழித்து நான்தான் வாசித்துச் சொன்னேன்:
'விண்ணப்பதாரர் கேட்ட கேள்விகளுக்கு
உரிய பதில் அளிக்கவில்லை.'

அவனுக்குச் சிரிப்பு வந்தது.
எனக்கு வரக் கொஞ்சம் நேரமாயிற்று.

இன்று பதின்மூன்றாவது.
எந்தப் பேர் போட என்று வலது காதில் கத்தினேன்.
தெருவில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.
ரெண்டையும் போடுங்க என்றான்.
போட்டேன்:
சன்னாசி என்கிற சின்னசாமி.
'என்கிற' என்ற இடத்தில் ரிப்பன் மங்கி
எழுத்து பாதிதான் விழுந்தது.
பெருவிரலை மையில் அழுத்தி, தாளில் உருட்டி,
மிச்சத்தைத் தலைமயிரில் துடைத்துக்கொண்டான்.

ஒன்றரை ரூபாய் என்றேன்.
கேட்கிற காதுப் பக்கம் நின்றுதான் சொன்னேன்.

டின்னைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
பஸ் நிலையத்தைப் பார்த்து நடந்தான்,
இடது, வலது பிசகாமல்.

நானும் ஒரு தரந்தான் கூப்பிட்டேன்.